சான்றிதழில் ஒரு பெயர்



பாடத்துக்குப் போகும் முன் ஒரு கேள்வி. உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்ன? அந்தப் பாட்டியைப் பெற்ற அம்மாவின் பெயர் என்ன?

எங்கள் வகுப்பில் ஒருநாள் இரவு இந்தக் கேள்வியைக் கேட்டேன். பதினேழு பேர் இருந்தார்கள். தாத்தாவின் பெயரை எல்லோரும் சொன்னார்கள். பாட்டியின் பெயரைச் சொன்னவர்கள் ஐந்து பேர்தான்.

ஓர் அம்மா சொன்னார்: "எங்க அப்பத்தாவை எல்லாரும் கிழவின்னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கும் ஒரு பேர் இருந்திருக்கும்ல? நான் கேட்கவே இல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் பேசவில்லை. எனக்கும் என் அப்பத்தா பெயர் தெரியாது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பத்தா நாற்று நட்டார். பிள்ளை பெற்றார். ஆடு மாடு வளர்த்தார். கஞ்சி காய்ச்சிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆனால் அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

இந்தப் பாடத்தில் ஒரு பெண்ணின் கதையைப் படிப்போம். அவரும் எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவர்தான். இன்று ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரில் நடக்கிறது.

ஒன்பது வயதில் கல்யாணம்

மகாராஷ்டிர மாநிலத்தில் சாத்தாரா மாவட்டம் இருக்கிறது. அங்கே நாய்காவ் என்பது ஒரு கிராமம். 1831-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் சாவித்திரிபாய்.

ஒன்பது வயதில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. கணவர் ஜோதிராவ் புலே. அவருக்கு வயது பதின்மூன்று. பூ வியாபாரமும் தோட்ட வேலையும் செய்த குடும்பம்.

அந்தக் காலத்தில் பெண் படித்தால் குடும்பம் கெடும் என்றார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் படிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். சாவித்திரிபாய்க்கு எழுத்துத் தெரியாது. ஜோதிராவ்தான் மனைவிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பிறகு சாவித்திரிபாய் ஆசிரியைப் பயிற்சியும் பெற்றார்.

1848-ல் புனே நகரில் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். பிடே வாடா என்ற வீட்டில் அந்தப் பள்ளி நடந்தது. வாடா என்றால் முற்றம் வைத்த பெரிய வீடு. சாவித்திரிபாய் அங்கே ஆசிரியை ஆனார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

இரண்டு சேலை

சாவித்திரிபாய் தினமும் நடந்து பள்ளிக்குப் போவார். வழியில் சிலர் காத்திருப்பார்கள். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார்கள். சேற்றை வாரி எறிவார்கள். சாணியை எறிவார்கள்.

சாவித்திரிபாய் என்ன செய்தார்? பையில் இன்னொரு சேலையை எடுத்துக்கொண்டு போனார். பள்ளிக்குப் போனதும் அழுக்குச் சேலையை மாற்றிக்கொள்வார். பாடம் நடத்துவார். திரும்பும்போது மறுபடியும் அழுக்குச் சேலையைக் கட்டிக்கொள்வார்.

ஊர் ஆட்கள் மாமனாரைப் பயமுறுத்தினார்கள். மாமனார் மகனையும் மருமகளையும் வீட்டை விட்டுப் போகச் சொன்னார். இருவரும் வெளியேறினார்கள். பள்ளியை மட்டும் விடவில்லை. மேலும் பள்ளிகளைத் தொடங்கினார்கள்.

1855-ல் இரவுப் பள்ளியும் நடத்தினார்கள். அது யாருக்குத் தெரியுமா? பகல் முழுவதும் வேலை செய்த விவசாயிகளுக்கும் கூலிக்காரர்களுக்கும்தான். நம் வகுப்பைப் போன்ற வகுப்பு. நம்மைப் போன்றவர்களே அங்கும் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்கள்.

எழுதியது நின்றது

அவர்கள் பள்ளியில் முக்தா சால்வே என்ற சிறுமி படித்தாள். அவள் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த மாங் சாதியில் பிறந்தவள். தன் மக்கள் படும் துன்பத்தைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதினாள். அது 1855-ல் ஞானோதய என்ற பத்திரிகையில் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது. காரணம், அவள் எழுதினாள்.

சாவித்திரிபாயும் எழுதினார். 1854-ல் அவருடைய கவிதைப் புத்தகம் வந்தது. கணவருக்கு அவர் எழுதிய மூன்று கடிதங்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

முதல் கடிதம் 1856-ல் எழுதியது. அப்போது அவர் உடம்பு சரியில்லாமல் தாய் வீட்டில் இருந்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பாடம் சொல்வது தவறு என்று அவருடைய சகோதரர் கண்டித்தார். சகோதரருக்குத் தான் சொன்ன பதிலைச் சாவித்திரிபாய் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பாத்திமா என்ற பெண்ணின் உழைப்பைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை வருகிறது.

இரண்டாம் கடிதம் 1868-ல் எழுதியது. ஒரு பிராமண இளைஞனும் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். ஊரார் அவர்களைக் கொல்லப் பார்த்தார்கள். சாவித்திரிபாய் ஓடிப்போய்த் தடுத்தார். இருவரையும் காப்பாற்றினார். அதைக் கணவருக்கு எழுதினார்.

மூன்றாம் கடிதம் 1877-ல் எழுதியது. அது பஞ்ச காலம். மக்கள் பட்டினி கிடந்ததை அதில் எழுதினார்.

வீட்டுக் கணக்கும் நலம் விசாரிப்பும் மட்டும் கடிதம் இல்லை. கடிதமும் வரலாறுதான்.

கடைசி நாள்

1890-ல் ஜோதிராவ் இறந்தார். அதன் பிறகும் சாவித்திரிபாய் வேலையை நிறுத்தவில்லை.

1897-ல் புனேயில் பிளேக் நோய் பரவியது. பிளேக் என்பது கொள்ளை நோய். நோய் வந்தவரை வீட்டார்கூடத் தொடப் பயந்தார்கள். சாவித்திரிபாயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஒரு டாக்டர். அவர் ஊருக்கு வெளியே சிகிச்சை கொடுத்தார். நோயாளிகளைச் சாவித்திரிபாய் அங்கே கொண்டு சேர்த்தார்.

ஒரு சிறுவனுக்கு நோய் கண்டது. அவனைத் தன் முதுகில் சுமந்து கொண்டுபோனார். அந்த நோய் அவரையும் பிடித்தது. 1897 மார்ச் 10-ஆம் தேதி சாவித்திரிபாய் இறந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

மாளிகைக்கு வந்த பெயர்

பல கல்லூரிகளை இணைத்து நடத்தும் பெரிய கல்வி நிலையம்தான் பல்கலைக்கழகம். அங்கே தேர்வு நடத்துவார்கள். பட்டம் கொடுப்பார்கள். ஆராய்ச்சி செய்வார்கள். அது அமைந்த இடத்தை வளாகம் என்கிறோம்.

புனே பல்கலைக்கழகம் 1949-ல் தொடங்கியது. அதன் வளாகத்தில் கோபுரம் வைத்த ஒரு பெரிய கல் மாளிகை இருக்கிறது. 1864-ல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். பம்பாய் மாகாணத்தை ஆண்ட வெள்ளைக்கார ஆளுநர் மழைக்காலத்தில் தங்குவதற்காகக் கட்டிய மாளிகை அது. அந்த மாளிகை எழும்பிய காலத்தில் சாவித்திரிபாய் அதே ஊரில்தான் வாழ்ந்தார்.

இந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சாவித்திரிபாய் பெயரை வைக்க வேண்டும் என்று பலர் நெடுங்காலம் கேட்டார்கள். 2014-ல் அது நடந்தது. இப்போது அதன் பெயர் சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம். 2022-ல் வளாகத்தில் அவருக்கு முழு உருவச் சிலையும் வைத்தார்கள்.

ஜனவரி 3 சாவித்திரிபாய் பிறந்த நாள். அன்று சிலைக்கு மாலை போடுகிறார்கள். அவர் கதையைப் பேசுகிறார்கள். மார்ச் 8 உலகப் பெண்கள் தினம். மார்ச் 10 அவர் நினைவு நாள்.

இங்கே ஒன்றை நினைத்துப் பாருங்கள். அங்கே படித்துப் பட்டம் வாங்குகிறவர் ஆணோ பெண்ணோ, அவருடைய சான்றிதழில் சாவித்திரிபாய் பெயர் இருக்கும். எந்த ஊரில் அவர் மேல் சாணி எறிந்தார்களோ, அந்த ஊரில்தான் இது நடக்கிறது.

மாலை போட்டால் போதுமா?

இந்தப் பாடத்தை எங்கள் வகுப்பில் படித்தபோது ஒரு பாட்டி கேட்டார்: "மாலை நாளைக்கு வாடிப்போகும். அப்புறம் என்ன செய்வாங்க?"

நல்ல கேள்வி. விழா ஒரு நாள். மற்ற 364 நாளும் என்ன நடக்கிறது?

அதே பல்கலைக்கழகத்தில் பெண்களைப் பற்றிப் படிக்கவும் ஆராயவும் ஒரு மையம் இருக்கிறது. அது 1987-ல் தொடங்கியது. அங்கே ஷர்மிளா ரேகே என்ற பேராசிரியை பல ஆண்டுகள் வேலை செய்தார். தலித் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதியவற்றை அவர் தேடிப் படித்தார். அப்படி எழுதிய எட்டுப் பெண்களைப் பற்றி 2006-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 2013-ல் அவர் காலமானார். அவர் செய்த வேலை நிற்கிறது.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் பேபி காம்ப்ளே. அவர் சாத்தாரா மாவட்டத்தில் வாழ்ந்தவர். பல்ட்டண் என்ற ஊரில் ஒரு சின்னக் கடை நடத்தினார். கடையில் சாமான் மடிக்கப் பழைய செய்தித்தாள் இருக்கும். அதை எடுத்துப் படிப்பார். படிக்கப் படிக்க எழுத ஆசை வந்தது. கணவருக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதைச் சுமார் 20 ஆண்டுகள் ஒளித்து வைத்தார். 1986-ல் அது மராத்தி மொழியில் புத்தகமாக வந்தது. இன்று கல்லூரிப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள்.

பொட்டலம் மடிக்கும் தாளில் படிக்கத் தொடங்கியவர், பல்கலைக்கழகம் படிக்கும் புத்தகத்தை எழுதினார்.

இதைச் சொன்னதும் அந்தப் பாட்டி சொன்னார்: "அப்படின்னா சரி. மாலையும் போடட்டும், படிக்கவும் செய்யட்டும்."

ஒரு கையெழுத்து

அன்று வகுப்பில் ஓர் அக்கா பேசாமல் இருந்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, என் மக பன்னிரண்டாவது பாஸ் பண்ணிட்டா. காலேஜ் போகணும்கிறா. இவ்வளவு படிச்சது போதும்னு வீட்டுல சொல்றாங்க. அந்த பாரத்தை அவர் கையிலயே தொட மாட்டேங்கிறார். நான் என்ன செய்ய?"

விண்ணப்பத்தைக் கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் கொண்டு வந்தார். கடைசியில் 'பெற்றோர் கையெழுத்து' என்று இருந்தது. அதை அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"பெற்றோர்னா நானும்தானே?" என்று கேட்டார்.

"நீங்களும்தான் அக்கா" என்றேன்.

முதலில் ஒரு நோட்டில் தன் பெயரை நான்கு முறை எழுதிப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் எழுதினார். கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. பரவாயில்லை. பெயர் தெளிவாகவே இருந்தது.

வீட்டில் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் வழி பார்க்க வேண்டும். கல்வி உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் விண்ணப்பம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சொல் அறிவோம்

பல்கலைக்கழகம்: கல்லூரிகளை இணைத்து, தேர்வு நடத்தி, பட்டம் தரும் கல்வி நிலையம்
வளாகம்: ஒரு நிலையத்தின் கட்டிடங்களும் அதைச் சுற்றிய இடமும்
சான்றிதழ்: படித்து முடித்ததற்கு அத்தாட்சியாகத் தரும் தாள்
கொள்ளை நோய்: வேகமாகப் பரவிப் பலரைக் கொல்லும் நோய்

பேசிப் பார்ப்போம்

1. சாவித்திரிபாய் பையில் இன்னொரு சேலை கொண்டுபோனது ஏன்? உங்கள் ஊரில் பெண்கள் படிக்கப் போகும்போது இன்று என்ன தடை வருகிறது?
2. பேபி காம்ப்ளே எழுதியதை ஏன் ஒளித்து வைத்தார்? நீங்கள் படிப்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கிறதா?
3. பெண்கள் தினத்தை உங்கள் ஊரில் எப்படிக் கொண்டாடலாம்? மறுநாள் என்ன செய்யலாம்?

எழுதிப் பார்ப்போம்

உங்கள் வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். உங்கள் அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி, அப்பாவைப் பெற்ற பாட்டி, மூவரின் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார், எதில் கெட்டிக்காரராக இருந்தார் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள்.

எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம். பெயரை முதலில் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோரும் எழுந்து நின்று சத்தமாகப் படிப்போம்.