‘ட்றக்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கில வரலாற்று நூலொன்றைத் தமிழாக்கும் மாணவன் ஒருவன், 1831ஆம் ஆண்டின் ‘ட்றக் சட்டம்’ என்னும் தொடரை எதிர்ப்படுகின்றான் எனக் கொள்வோம். அகராதியைப் புரட்டுகின்றான். ‘பாரமேற்றும் வண்டி’ என்னும் பொருள் முதலிற் கண்ணிற் படுகின்றது. உடனே ‘பாரவூர்திச் சட்டம்’ என எழுதி அப்பாற் செல்கின்றான். 1831இல் மோட்டார் வண்டி ஏது என்று ஒருகணம் எண்ணியிருப்பின் தப்பியிருப்பான்.

அச்சட்டம் வண்டியைப் பற்றியதன்று. ஏழைத் தொழிலாளரின் கூலியைப் பற்றியது. அக்காலத்து இங்கிலாந்தில் முதலாளிமார் சிலர் கூலியைப் பணமாகக் கொடாது, பண்டமாகவோ தம் கடையில் மட்டுமே செல்லத்தக்க சீட்டாகவோ கொடுத்து வந்தனர். அக்கடையில் விலையோ அதிகம், சரக்கோ மட்டம். உழைத்தவன் வேறிடத்தில் வாங்கவும் இயலாது. குறிப்பிட்ட பல தொழில்களிற் கூலியை நாணயமாகவே கொடுத்தல் வேண்டும் என 1831ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதுவும் அதன்வழி வந்த சட்டங்களும் 1986இலேதான் நீக்கப்பட்டன. நம் நாட்டு மலையகத் தோட்டங்களிலும் அரிசியைக் கொடுத்து அதன் விலையைச் சம்பளத்திற் கழிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததை அறிந்தோர்க்கு, மாணவன் தவறவிட்ட பொருள் எத்தகையது என்பது விளங்கும். ‘பண்டக்கூலித் தடைச் சட்டம்’ என்றிருப்பின் பொருள் நேர்பட்டிருக்கும்.

உண்மையில் ‘ட்றக்’ என்பது ஒரே ஒலியுடைய இரு சொற்கள். ஒன்று பண்டமாற்று எனப் பொருள்படுவது. பிரெஞ்சு மொழிவழி வந்தது. ஒருவரோடு தமக்கு ‘ட்றக்’ இல்லை என ஆங்கிலேயர் கூறுவராயின், கொடுக்கல் வாங்கலோ தொடர்போ இல்லை என்பதே கருத்து; வண்டி இல்லை என்பதன்று! அமெரிக்காவிற் சந்தைக்கெனக் காய்கறி பயிரிடும் தோட்டத்தை ‘ட்றக்’ தோட்டம் என்பர். லொறியில் ஏற்றிச் செல்வதால் அப்பெயர் வந்தது எனப் பலர் எண்ணுவர். அதுவும் பிழையே. மோட்டார் வண்டி தோன்றுமுன்னரே அத்தொடர் வழக்கில் இருந்தது.

மற்றைய ‘ட்றக்’ சக்கரத்தோடு உறவுடையது. சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் மூலம் என்பது பெரும்பாலோர் கொள்கை. 17ஆம் நூற்றாண்டிற் கப்பற் பீரங்கிகளைத் தாங்கிய சிறு மரச்சக்கரங்களுக்கு இப்பெயர் வழங்கிற்று. பின்னர்ச் சக்கரத்தின் பெயர் அது தாங்கிய வண்டிக்கு ஆயிற்று. பிரித்தானியப் புகையிரதப் பாதையில் மூடப்படாத சரக்குப் பெட்டியும் ‘ட்றக்’ எனப்பட்டது. வீதியில் ஓடும் மோட்டார்ப் பாரவண்டியை அமெரிக்கர் ‘ட்றக்’ என்றனர். ஆங்கிலேயர் ‘லொறி’ என்றனர். ஆங்கிலேயர் ஆண்ட இந்நாட்டிற் பின்னதே நிலைத்தது. சிங்களத்திலும் அது ‘லொறிய’ ஆயிற்று. ‘லொறி’யின் பிறப்பிற் சொல்லாராய்ச்சியாளர் உடன்பட்டிலர், இழுத்தல் என்னும் பொருளுடைய வட்டார வழக்கொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பர் சிலர்.

தமிழிலக்கணம் லகரத்தை மொழி முதலாக ஏற்பதில்லை. ‘லோகம்’ உலோகமானதுபோல ‘உலொறி’ என்று எழுதுவார் ஒருவரையும் யான் கண்டிலேன்! தமிழகத்தார் ‘லாரி’ என்பர்; நாம் ‘றோட்டு’, ‘றப்பர்’ என்பனபோல றகரமிட்டு ‘லொறி’ என்கின்றோம். ‘பாரவூர்தி’ நல்ல ஆக்கம். ‘ஊர்தி’ சங்க நூல்களிலேயே பயின்ற சொல். அரசாங்க அறிவித்தல்களுக்கும் பாடநூல்களுக்கும் அது பொருந்தும். ஆயினும் வெங்காய மூடைகளை ஏற்றும் நம் கமக்காரன் ‘லொறி வந்துவிட்டது’ என்றே சொல்வான். அவனைத் திருத்தப் புகுவது வேண்டாத வேலை.