டாக்டரைக் கேளுங்கள்: ரோபோ வரும்வரை காலுக்கு லீவா?

கே: டாக்டர் இல்லாமல் ரோபோவே கை, காலை ஸ்கேன் செய்கிறதாமே, நிஜமா? (ரயில்வே ஊழியர், ஜோலார்பேட்டை)

ப: கைவரை நிஜம். டென்மார்க்கில் ஒடென்ஸ் நகரத்தில் உருவான 'ஆர்தர்' ரோபோ, முடக்குவாதக்காரர்களின் விரல், மணிக்கட்டு மூட்டுகளைத் தானே ஸ்கேன் செய்கிறது. டெல்லி எய்ம்ஸும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து செய்தது வேறு ரகம். அங்கே ரோபோவை இயக்குபவர் தொலைவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்.

கே: ஷூ கம்பெனியில் பத்து வருஷமாக நின்றபடி வேலை. காலில் நரம்பு சுருட்டியிருக்கிறது. மனுஷர் பார்த்தால் தப்பு வருமாம். ரோபோ வந்ததும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கலாமா? (ஆம்பூர்)

ப: அதுவரை காத்திருக்கக் கூடாது. சுருண்டிருப்பது நரம்பும் இல்லை, சிரை. ரத்தத்தைக் கீழே இறங்கவிடாமல் பிடிக்கும் வால்வு அதில் பழுதாகியிருக்கலாம்.

ஸ்கேன் கருவியின் புரோபைக் காலில் தேய்ப்பதுதான் ஸ்கேன் என்று நினைத்துவிட்டீர்கள். எல்லாம் அழுத்தத்தில் இருக்கிறது ஐயா. ரத்தக்கட்டி தேடும்போது தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வருவேன். நல்ல சிரை ஒட்டிப்போகும், கட்டி இருந்தால் ஒட்டாது. வால்வு பார்க்கும்போது அப்படி அழுத்தினால் சிரையே திரையில் காணாமல் போகும். பூ வைப்பதுபோல வைக்க வேண்டும். நீங்களும் மறுகாலில் பாரம் போட்டு நிற்க வேண்டும். கெண்டைக்காலை ஒருமுறை அமுக்கிவிட்டுக் கையை எடுப்பேன். தோலடிச் சிரையில் ரத்தம் அரை நொடிக்கு மேல் கீழே திரும்பினால் வால்வு பழுது. ரோபோவுக்கும் அழுத்தம் அளக்கும் சென்சார் உண்டு. ஆனால் வீங்கிய காலுக்கும் ஒல்லிக் காலுக்கும் ஒரே அழுத்தமா? நீங்கள் முகம் சுளித்தால் நான் கையை எடுத்துவிடுவேன்.

படுக்கவைத்தே வால்வு பார்த்து 'நார்மல்' என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒன்றைக்கூட ரோபோ எழுதவில்லை.

கே: ஸ்கேனுக்குத் தடவும் ஜெல் தோலைக் கெடுக்குமா? (வாணியம்பாடி)

ப: துடைத்தால் போயிற்று. ஜெல் இல்லாமல் நடுவே காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது.

கே: மெக்கானிக்கல் படிக்கிறேன். பழைய ஸ்கேன் மெஷின் வாங்கி வீட்டிலேயே ரோபோ செய்யலாமா? (திருப்பத்தூர்)

ப: ஆர்வம் சரி, வழி தப்பு தம்பி. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி, பதிவில்லாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் மெஷின் விற்கவே கூடாது. காலுக்கு மட்டும்தான் என்றாலும் அதேதான். பதிவு பெற்ற ஆஸ்பத்திரியோடு உங்கள் கல்லூரி மூலம் சேருங்கள். அதுவரை மரக்கட்டையில் புரோப் செதுக்கி, ஸ்பாஞ்சின்மேல் அழுத்த ரோபோவைப் பழக்குங்கள்.

கே: நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. எந்த ஸ்கேன் நல்லது? (ஜோலார்பேட்டை)

ப: இதைத் தபாலில் கேட்பார்களா அம்மா? ரத்தக்கட்டியாக இருக்கலாம், படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலைத் தேய்த்துவிடாதீர்கள். மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.