நரம்பு ஏன் அறுந்து போகிறது? – தூண்டில் போடுபவர்களுக்கு ஒரு மெக்கானிக்ஸ் பாடம்

தேவர்சோலை, கூடலூர் பக்கம் இருந்து வருகிற பசங்களில் பாதிப் பேர் தூண்டில் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். எஸ்டேட் குளத்தில் மூங்கில் கம்பு, மண்புழு, ஜிலேபி மீன் என்று ஆரம்பித்து, கையில் கொஞ்சம் காசு வந்ததும் ராடும் ரீலும் வாங்குவோம். அதன் பிறகுதான் ஒரு பிரச்சினை தொடங்கும். மூங்கில் கம்பில் அறுகாத நரம்பு, விலை கொடுத்து வாங்கிய செட்டில் படார் என்று அறுகும். "நரம்பு சரியில்ல மச்சி, டூப்ளிகேட்" என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

பெரும்பாலான நேரம் தப்பு நரம்பில் இல்லை, கணக்கில்தான். முதல் இரண்டு செமஸ்டரில் படித்த மெக்கானிக்ஸே இதற்குப் போதும். வாங்க, பார்க்கலாம்.

மூங்கில் கம்பு ஏன் காப்பாற்றியது?

மூங்கில் கம்பு அடியில் தடியாகவும் நுனியில் மெல்லியதாகவும் இருக்கும். இது ஒரு கேன்டிலீவர். நுனியில் மீன் இழுத்தால், வளைவுத் திருப்புமை நுனியில் பூஜ்யம், கைப்பிடி அருகில் அதிகபட்சம். சுமை அதிகமாக இருக்கும் இடத்தில் குறுக்குவெட்டும் பெரிதாக இருப்பதால் முழுக் கம்பும் சேர்ந்து வளைகிறது. அந்த வளைவுதான் ஷாக் அப்சார்பர். மீன் திடீரென்று திமிறும்போது அந்த அதிர்ச்சியைக் கம்பு வாங்கிக்கொள்கிறது, நரம்புக்கு மெதுவாகத்தான் போகிறது.

ஆனால் ஒரு எல்லை உண்டு. நரம்பு கம்பின் நுனியில் கட்டப்பட்டிருப்பதால் மீன் ஓட இடமில்லை. சின்ன மீனுக்கு அது போதும். பெரிய மீன் என்றால் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்காக வந்ததுதான் ரீல்.

டிராக் என்பது ஒரு கிளட்ச்

ரீலின் தலையில் ஒரு திருகு இருக்குமே, அதுதான் டிராக். உள்ளே உராய்வு வட்டுகள் இருக்கும். திருகை இறுக்கினால் வட்டுகள் அழுந்தும். குறிப்பிட்ட இழுவிசையைத் தாண்டினால் ஸ்பூல் வழுக்கிச் சுற்றி நரம்பை வெளியே விடும். பைக்கின் கிளட்ச் மாதிரிதான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்கிற விதி ஒன்று இருக்கிறது: நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு டிராக்கை வையுங்கள். நாலு கிலோ நரம்பு என்றால் ஒரு கிலோ. புதிதாக வருபவர்களுக்கு இது ரொம்பக் குறைவாகத் தோன்றும். "நாலு கிலோ தாங்குற நரம்புக்கு ரெண்டு கிலோ வெச்சா என்ன?" நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதல் திருட்டு: ஸ்பூல்

டிராக் கட்டுப்படுத்துவது திருப்புவிசையை, இழுவிசையை அல்ல. திருப்புவிசை மாறாமல் இருந்தால், இழுவிசை ஸ்பூலின் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஆரம் 24 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஓடி ஓடி அது 16 ஆகிவிட்டது. 24-ஐ 16-ஆல் வகுத்தால் 1.5. நீங்கள் திருகைத் தொடவே இல்லை, ஆனால் ஒரு கிலோ டிராக் ஒன்றரை கிலோ ஆகிவிட்டது!

இரண்டாவது திருட்டு: வளையங்கள்

நரம்பு ராடின் வளையங்கள் வழியாக வளைந்து போகிறது. பெல்ட் டிரைவ் பாடத்தில் வரும் அதே சமன்பாடு இங்கேயும் வேலை செய்யும். மீன் பக்கத்து இழுவிசை, ரீல் பக்கத்து இழுவிசையைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பது உராய்வுக் கெழுவையும், நரம்பு மொத்தம் எவ்வளவு கோணம் திரும்புகிறது என்பதையும் பொறுத்தது. உராய்வுக் கெழு 0.2, ராடு 90 டிகிரி (1.57 ரேடியன்) வளைந்திருக்கிறது என்று எடுத்தால், பெருக்குத்தொகை 0.314. அதன் அடுக்குக்குறி மதிப்பு சுமார் 1.37. ஆக ஒன்றரை கிலோ இப்போது 2.05 கிலோ.

மூன்றாவது திருட்டு: முடிச்சு

நரம்பின் பெட்டியில் போட்டிருக்கும் எடை, முடிச்சு இல்லாத நரம்புக்குத்தான். முடிச்சுப் போட்ட இடத்தில் நரம்பு நசுங்கி, கூர்மையாக வளைந்து, தகைவு ஒரே இடத்தில் குவியும். சுமாரான முடிச்சு என்றால் 70 சதவீத வலுதான் மிச்சம் என்று வைப்போம். நாலு கிலோ நரம்பு 2.8 கிலோ ஆகிவிட்டது.

இப்போது சேர்த்துப் பாருங்கள்:

நான்கில் ஒன்று: 1 கிலோ டிராக், மீன் பக்கம் 2.05 கிலோ. முடிச்சு தாங்குவது 2.8. தப்பித்தோம்.

மூன்றில் ஒன்று: 1.33 கிலோ டிராக், மீன் பக்கம் 2.74 கிலோ. நூலிழையில் தப்பித்தோம். மீன் ஒரு துள்ளு துள்ளினால் போச்சு.

இரண்டில் ஒன்று: 2 கிலோ டிராக், மீன் பக்கம் 4.1 கிலோ. முடிச்சு மட்டுமில்லை, நரம்பே தாங்காது.

அதாவது, நான்கில் ஒரு பங்கு என்பது மூடநம்பிக்கை இல்லை, பயமும் இல்லை. அது ஒரு சேஃப்டி ஃபேக்டர். மேலே உள்ள எண்கள் நான் எடுத்துக்கொண்ட உதாரணங்கள்தான். உங்கள் ஸ்பூலை ஸ்கேலால் அளந்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்போ என்ன செய்யணும்?

1. டிராக்கைக் கை உணர்வில் வைக்காதீர்கள். லக்கேஜ் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசில் நரம்பைக் கட்டி, ரீலிலிருந்து நேராக இழுத்து அளந்து வையுங்கள்.

2. மீன் ஓடும்போது ராடைத் தாழ்த்தி மீனை நோக்கிக் காட்டுங்கள். வளைவு குறைந்தால் வளைய உராய்வும் குறையும். மீன் நின்றதும் மறுபடி ராடை உயர்த்துங்கள்.

3. மீன் ரொம்ப தூரம் ஓடிவிட்டால் டிராக்கை இறுக்காதீர்கள், லேசாகத் தளர்த்துங்கள். பதற்றத்தில் எல்லோரும் நேர்மாறாகத்தான் செய்வோம்.

4. முடிச்சு: நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, மெயின் நரம்பைச் சுற்றி ஐந்து முறை முறுக்கி, காதை ஒட்டி இருக்கும் சின்ன வளையத்தில் நுனியை விட்டு, அதனால் உண்டான பெரிய வளையத்திலும் திருப்பி நுழையுங்கள். இறுக்கும் முன் கட்டாயம் ஈரப்படுத்துங்கள். காய்ந்த நைலானை இறுக்கினால் உராய்வுச் சூட்டிலேயே பாதி வலு போய்விடலாம்.

5. வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். அழுந்தியே கிடந்தால் வட்டுகள் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை விட்டு விட்டு வழுக்கும். வெயிலில் கிடந்த பழைய நைலானைத் தூக்கிப் போடுங்கள், ஆனால் தண்ணீரில் இல்லை.

அறுந்தால் யாருக்கு நஷ்டம்?

நமக்கு ஒரு முள், பத்து ரூபாய். மீனுக்கு? வாயில் முள்ளும் பின்னால் இழுபடும் நரம்புமாகப் போகிறது. நைலான் சீக்கிரம் மக்காது. பாறையில் சிக்கினால் பறவை காலிலும் மாட்டும்.

நம்ம மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மேலே அவலாஞ்சி பக்கத்துக் குளிர்ந்த தண்ணீரில் இருக்கும் டிரவுட் வெளிநாட்டு மீன். பிரிட்டிஷ்காரர்கள் பல முறை முயன்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை இங்கே நிலைக்க வைத்தார்கள். கீழே மாயாற்றில் இருப்பதோ நம்ம காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர், கெண்டை இனத்தின் ராட்சசன். 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! அந்தத் திமில் மஹ்சீரை 2018-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'மிகவும் அழியும் நிலையில்' உள்ள இனம் என்று பட்டியலிட்டது. உலகத்தில் அது மிஞ்சியிருக்கும் சில ஆறுகளில் மாயாறும் ஒன்று.

அதனால் முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம். "யாரும் பார்க்கல" என்பது பதில் இல்லை. மற்ற அணைகளிலும் ஓடைகளிலும் மீன்வளத்துறையையோ வனத்துறையையோ கேட்டுவிட்டுப் போங்கள்.

பிடித்து விடுபவர்களுக்கு இன்னொரு வார்த்தை. "மெல்லிய நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதுதான் திறமை" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நரம்பு மெல்லியதாக இருந்தால் மீனோடு நீண்ட நேரம் போராட வேண்டும். களைத்துப் போன மீன், விட்ட பிறகும் பிழைக்காமல் போகலாம். மீனுக்குத் தகுந்த நரம்பு போடுங்கள். முள்ளின் உள்பக்கம் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள், கழற்ற ஒரு நொடிதான் ஆகும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். போட்டோ ஒன்று போதும்.

கடைசியாக, ஈஈஈ நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயம்

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். நீலகிரியில் மின் நிலையங்களும் உயரழுத்தக் கம்பிகளும் நிறைய. கம்பிக்குக் கீழே ராடை நிமிர்த்தாதீர்கள், இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். மின் நிலையத்துக்குக் கீழ்ப்பக்கம் ஆற்றில் இறங்காதீர்கள், மழை இல்லாமலேயே தண்ணீர் திடீரென்று ஏறும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஓடைக்கரை யானைக்குச் சொந்தம், நமக்கு இல்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது பையில் ஒரு ஸ்பிரிங் தராசு இருக்கட்டும். குளத்துக்குப் போகும் முன் அஞ்சு நிமிஷம் அளந்து பாருங்கள். உங்கள் டிராக் எவ்வளவு இருந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்!