கெபாசிட்டர்: பாடப் புத்தகத்திலும் மதர்போர்டிலும்

கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறதா? விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தும் சரியாகவில்லையா? அடுத்த செலவுக்கு முன் மதர்போர்டில் உள்ள கெபாசிட்டர்களைக் கவனியுங்கள். பிராசசருக்கு அருகே குட்டி டப்பாக்கள் போல வரிசையாக நிற்பவைதான் அவை.

பிளஸ் டூ இயற்பியலில் 'மின்தேக்கி' என்று வருவது இதுதான். புத்தகக் கணக்கில் அதற்கு ஒரே குணம், மின்தேக்குத்திறன். ஏற்றிய மின்னூட்டம் அப்படியே இருக்கும். அது சூடாகாது, பழசாகாது. அடிப்படையைப் புரிந்துகொள்ள இது போதும். கடையில் வாங்கும் கெபாசிட்டரில் மூன்று குறைகள் உண்டு.

1. அளவு: 1000 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருந்தாலும், சாதாரண எலக்ட்ரோலிட்டிக் வகையில் 20 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 800 முதல் 1200 வரை.

2. கசிவு: ஏற்றிய மின்னூட்டம் மெல்ல மெல்லக் குறையும்.

3. உள் மின்தடை: கெபாசிட்டருக்குள்ளேயே ஒரு சிறிய ரெசிஸ்டர் தொடராக இருப்பது போன்ற நிலை. இதை ஈ.எஸ்.ஆர். என்பார்கள்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். ஒரு கெபாசிட்டரில் 2 ஆம்பியர் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது, உள் மின்தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 0.04 வோல்ட்தான் வரும். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சூட்டில் காய்ந்து, மின்தடை 0.2 ஓம் ஆனால்? 0.4 வோல்ட்! சுமார் 1.2 வோல்ட்டில் வேலை செய்யும் பிராசசர் இதைத் தாங்காது. உள்ளே உண்டாகும் வெப்பமும் 0.08 வாட்டிலிருந்து 0.8 வாட்டாக உயரும். அந்தச் சூட்டில் திரவம் இன்னும் வேகமாகக் காயும்.

2000-களின் தொடக்கத்தில் எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாத கெபாசிட்டர்களால் உலகெங்கும் ஏராளமான மதர்போர்டுகள் பழுதாயின. இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் திரவமில்லாத பாலிமர் வகை வருகிறது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் திரவ வகை இன்னும் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

முக்கியமான ஃபைல்களை முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கார்டைக் கழற்றிவிட்டு கேபினட்டைத் திறந்து பாருங்கள். கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்திருந்தாலோ டெக்னீஷியனிடம் காட்டுங்கள். தலை தட்டையாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? ஈ.எஸ்.ஆர். மீட்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். மின்தேக்குத்திறனை மட்டும் அளந்தால் சரியாக இருப்பது போலவே காட்டக்கூடும்.

சூடு குறைந்தால் ஆயுள் கூடும். 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. எனவே ஃபேனில் தூசி சேர விடாதீர்கள்.

எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும்போது அதன் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். 'கசிந்து போயிருக்கும்' என்று நம்பிக் கை வைப்பது உயிருக்கே ஆபத்து.