முஸ்லிம் அயலவரோடு ரொறன்ரோவில்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2021 குடிசன மதிப்பின்படி ரொறன்ரோ பெருநகரில் பத்துப் பேரில் ஒருவர் முஸ்லிம். ஸ்காபரோவில் அவர் நம் பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் ஆசிரியர், வேலையிடத்துக் கூட்டாளி. இருந்தும் நம்மில் பலர் அவரைப் பற்றி அறிவது வாட்ஸ்அப் காணொளிகள் வழியாகத்தான். அது எனக்கு வேதனை தருகிறது.

செய்ய வேண்டியவை

நோன்பு மாதம் எப்போது வருகிறது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும். ஜூனில் வந்தால் இங்கே பதினேழு மணித்தியாலம் பச்சைத் தண்ணீரும் இல்லை. டிசம்பரில் வந்தால் பதினொரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். தொழிற்சாலையில் நீங்கள் மேற்பார்வையாளர் என்றால் நோன்பிருப்பவரின் இடைவேளையைச் சூரியன் மறையும் நேரத்துக்கு மாற்றிக்கொடுங்கள். பேரீச்சம்பழம் ஒன்று, தண்ணீர், மஃரிப் என்னும் அந்தித் தொழுகை, எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடியும். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி மத அனுட்டானத்துக்கு இடமளிப்பது வேலை கொடுப்பவரின் கடமை. அதைத் தயவு போலக் காட்டாதீர்கள்.

முஸ்லிம் நண்பரை விருந்துக்கு அழைத்தால் இறைச்சியை எந்தக் கடையில் வாங்குவது என்று அவரிடமே கேளுங்கள். ஹலால் என்று எழுதியிருந்தாலே ஒருவருக்குப் போதும். இன்னொருவர் கையால் அறுத்ததை மட்டும் உண்பார். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கும் மாஷ்மெலோவில் பன்றி ஜெலற்றின் இருக்கலாம், பொதியைத் திருப்பிப் படியுங்கள்.

ஒரு பள்ளிவாசலுக்காவது போய்ப் பாருங்கள். ஸ்காபரோவில் நகெற் அவெனியூப் பள்ளிவாசல் இருக்கிறது. பௌஸ்ரெட் அவெனியூவில் உள்ள ஜாமி பள்ளிவாசல் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். வெள்ளி நண்பகலில் கூட்டம் நெரியும், வேறு நாளில் கேட்டுவிட்டுப் போங்கள். பெண்கள் தலையை மூட ஒரு சால்வை கொண்டுபோவது நல்லது. வின்ஃபோர்ட் ட்ரைவில் 2014இல் திறந்த ஆகா கான் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அதை நிறுவியவர்கள் ஷியாப் பிரிவைச் சேர்ந்த இஸ்மாயிலிகள். சுன்னிகளே பெரும்பான்மை என்றாலும் முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர் என்பது அங்கே விளங்கும்.

செய்யக்கூடாதவை

இலங்கை முஸ்லிம் ஒருவரிடம் “உங்களுக்கு நல்லாத் தமிழ் வருதே” என்று வியக்காதீர்கள். அது அவருடைய தாய்மொழி. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் மொழியும் அதுவே. அதேவேளை “அப்ப நீங்களும் தமிழர்தானே” என்று மல்லுக்கும் நிற்காதீர்கள். தம்மைத் தனி இனமாகக் கருத அவர்களுக்கு உரிமை உண்டு, காரணமும் உண்டு.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெண்களின் நகைகளையும் கழற்றி வாங்கினார்கள். அந்தத் தெருவில் பிறந்த ஒரு நானாவோ ராத்தாவோ இன்று உங்கள் பக்கத்து மாடியில் இருக்கலாம். அவர் அதைச் சொல்லும்போது “அது யுத்தகாலம்” என்று கடந்து போகாதீர்கள். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினரால் தமிழர் பட்ட அழிவும் உண்மைதான். அதை இவருடைய இழப்புக்கு எதிர்க்கணக்காக எடுத்து வைக்காதீர்கள். கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கே குண்டு வெடித்தாலும் அவரிடம் விளக்கம் கோராதீர்கள். இலங்கையில் 2019 ஈஸ்டர் தாக்குதலை முன்னின்று நடத்தியவனைப் பற்றி முன்பே எச்சரித்தவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள். இங்கே கனடாவிலேயே 2017 ஜனவரி 29இல் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேரும், 2021 ஜூன் 6இல் ஒன்ராறியோ லண்டனில் நடைபயின்ற ஒரே குடும்பத்தின் நால்வரும் முஸ்லிம்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள். முக்காடு போட்ட பெண்கள் இன்றும் அந்த நினைவோடுதான் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

முக்காட்டை யார் போடச் சொன்னது என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் அக்கா போடுவார், தங்கை போடமாட்டார்.

எதிர்ப்பாலாரிடம் நீங்களாகக் கைநீட்டாதீர்கள். அவர் நீட்டினால் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு வணக்கம் போதும்.

மரண வீட்டுக்கு மலர்வளையம் வேண்டாம். அடக்கம் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ முடிந்துவிடும், வார இறுதி வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பிந்திப் போனால் வீட்டாருக்குச் சமைத்த சாப்பாடு கொண்டுபோங்கள். சைவமாக இருந்தால் யாருக்கும் யோசனை இராது.