திராட்சைத் தோட்டம் கண்ட மாணவரும் நம் பனங்காடும்

சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், பனைவெல்ல உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலை முடிந்து எழும் வேளையில் அங்கத்தினர் ஒருவர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். வயது ஐம்பதைக் கடந்தவர். இன்றும் நாளொன்றுக்கு இருமுறை மரம் ஏறுகிறவர். அவர் மகன் உதவிச் சம்பளம் பெற்று, தென் பிரான்சில் மோன்பெல்லியே நகரில் படித்து வருகிறான். விடுமுறை நாளில் உடன் பயிலும் மாணவர்களோடு திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கச் சென்றிருக்கிறான். ஒரு படத்தில் கொடி வரிசைகளுக்கு நடுவே கையில் கண்ணாடிக் கிண்ணத்துடன் நிற்கிறான். இன்னொன்றில் நீண்ட மேசை. அதன்மீது ரொட்டி, பாலாடைக்கட்டி, ஓட்டோடு திறந்து வைத்த கடற்சிப்பி, பக்கத்தில் சிவப்பு மது.

“ஐயா, சுண்ணாம்பு தடவாத கலயத்தை நான் என் ஆயுளில் மரத்தில் கட்டியதில்லை. இவன் படிக்கப் போன இடத்தில் இதுவும் ஒரு பாடமா?” என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

பாடந்தான் என்றோம். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அன்று பேருந்துக்கு நேரமாகிவிட்டமையால் அரைகுறையாகச் சொன்னதை, ஏனைய அங்கத்தினர்களுக்கும் பயன்படுமென்று இங்கே விரிவாக எழுதுகிறோம்.

திராட்சைச் சாறும் பதநீரும் ஒரே குணம் உடையவை. இரண்டிலும் இனிப்பு உண்டு. இரண்டும் காத்திருக்க மாட்டா. பழத்தை நசுக்கித் தொட்டியில் விட்டால், தோலிலும் தொட்டியிலும் உள்ள நொதிகள் சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகின்றன. பதநீரில் இது பாளையிலிருந்து சொட்டும்போதே தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறோம். தடவாமல் விட்டால் இறக்குமுன்பே அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருந்து வருவதை நேயர்கள் அறிவார்கள். கள் வேண்டுமா, வேண்டாமா என்னும் வழக்கு இப்பத்திரிகைக்கு உரியதன்று. நாமும் அதில் நுழையப் போவதில்லை.

திராட்சை மது நம் கடற்கரைக்குப் புதியது என்றும் எண்ண வேண்டாம். வைகை கடலை நாடும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில், 1986 தொடங்கிப் பல தடவை தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்து பார்த்தனர். உரோமானிய நாணயங்களோடு, மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் அடைத்து அனுப்பிய கூரடிச் சாடிகளின் ஓடுகளும் அங்கே கிடைத்தன. பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்று யவனர் கொணர்ந்த தேறலைக் குறிப்பிடுகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் மது வந்து இறங்கியது அந்தக் காலம். அதே வைகைக்கு நீர் தரும் கம்பம் பள்ளத்தாக்கில், இன்று பன்னீர்த் திராட்சை ஆயிரக்கணக்கான ஏக்கரில் பந்தல் கட்டி நிற்கிறது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அதனைக் கொண்டுவந்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. ஆகவே, பெரியவரின் மகன் பார்த்த கொடிக்கும் நமக்கும் உறவு பழையது.

ஆனால் அந்த மாணவன் பார்த்திருக்க வேண்டியது கொடியையோ கிண்ணத்தையோ அன்று; அந்தச் சாறு யாருடைய தொட்டியில் மதுவாயிற்று என்பதையே.

மோன்பெல்லியேவுக்குத் தென்மேற்கே, பெசியே நகரை அடுத்து மரோசான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் சிறு குடியானவர்கள். பறித்த பழத்தை உடனே நசுக்க வேண்டும். தொட்டியும் பீப்பாயும் வைத்துக்கொள்ள எல்லோருக்கும் வசதி இல்லை. ஆதலால் வியாபாரி சொன்னதே விலை. 1901இல் அவ்வூரார் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாரிஸ் நகரத் தொழிலாளரின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்குத் தம் மதுவை நேரே அனுப்பி விற்றனர். 1905இல் பொதுவாக ஒரு மதுச்சாலையும் கட்டிக்கொண்டனர். அதே ஆண்டில் பெருந்தலைவர் ழான் ஜோரெஸ் அவ்வூருக்குச் சென்று பார்த்து, தம் பத்திரிகையில் அதைப்பற்றி எழுதினார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதலில் கட்டிடம் கட்டவில்லை. முதலில் வாங்குவோரைத் தேடிக்கொண்டார்கள். நம் சங்கங்கள் சிலவற்றில் கட்டிடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, சரக்கு மட்டும் முன்பணம் கொடுத்த வியாபாரியின் கிட்டங்கிக்குப் போய்விடுகிறது!

இனிச் சொல்லப்போவதுதான் நமக்கு முக்கியமானது. அந்தச் சீமையில் அப்போது மதுவின் விலை படுபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. விளைச்சல் மிகுதி ஒரு காரணம். ஆனால் குடியானவர்கள் கண்ட பகைவன் வேறு: சர்க்கரையும் தண்ணீரும் கலந்து பெருக்கிய கலப்பட மது. 1907ஆம் ஆண்டு வேனிலில் மார்சலான் அல்பேர் என்னும் சிறு குடியானவர் பின்னே ஊர் ஊராக மக்கள் திரண்டனர். ஜூன் மாதம் மோன்பெல்லியே நகரத் தெருக்களில் பல இலட்சம் பேர் கூடினர். நார்போன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. அம்மாத இறுதியில் அரசாங்கம் சட்டம் இயற்றியது. தண்ணீர் கலப்பதையும் சர்க்கரையை அளவின்றிச் சேர்ப்பதையும் தடுத்ததோடு, ஒவ்வொரு குடியானவனும் தன் விளைச்சல் இவ்வளவு என்று அறிவித்தாக வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது.

பின்னதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரின் விளைச்சல் நூறு பீப்பாய் என்று ஏட்டில் இருந்தால், அவ்வூர்ப் பெயரில் நூற்றைம்பது பீப்பாய் விற்க முடியாது. கலப்படத்தைக் கண்டுபிடிக்க நாவோ இரசாயனமோ தேவை இல்லை; கூட்டல் கழித்தல் போதும்.

நம் கருப்பட்டிக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. வெள்ளைச் சர்க்கரை கருப்பட்டியைவிட மலிவு. காய்ச்சும் கொப்பரையில் அதைக் கொட்டிச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி போலவே உறைந்து நிற்கிறது. விடியுமுன் மரம் ஏறி, பதநீரைத் தெளியவைத்து இறுத்து, விறகுக்கும் அலைந்து காய்ச்சும் குடும்பம், அந்தச் சரக்கின் விலையோடு போட்டியிட இயலுமா? இயலாது. ஒன்று தானும் கலக்க வேண்டும், அல்லது ஏறுவதை விட்டுவிட வேண்டும். இரண்டும் நம் கரையில் நடந்து வருகின்றன. பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விசைத்தறித் துணி கைத்தறி என்னும் பெயரில் விற்பனையாவதைக் கண்டு நொந்தவர்கள் அவர்கள்.

ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். ஓர் அங்கத்தினர் நாற்பது மரம் ஏறுவதாகவும், மரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். எண்பது லிட்டர். அன்றைய கருப்பட்டி எட்டுக் கிலோவுக்குக் குறையாது, பத்துக்கு மிகாது. அவர் பதினைந்து கிலோ கொண்டுவந்தால் மிச்சம் ஐந்து எந்த மரத்தில் காய்த்தது? சங்கத்தில் மரப் பதிவேடு ஒன்று, நாள்தோறும் பதநீர் அளந்து எழுதும் ஏடு ஒன்று, வரவு வைத்த கருப்பட்டியின் எடை ஏடு ஒன்று, இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேள்வி தானாக எழும். மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் ஊறல் மாறும் என்பதை நாம் அறிவோம். அதனால்தான் நாள்தோறும் எழுத வேண்டும் என்கிறோம். நாம் பார்த்த சங்கங்கள் சிலவற்றில் பதநீர் ஏடு பருவம் முடிந்தபின் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது!

2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சையும், உடன்குடிக் கருப்பட்டியும், நம் மாவட்டத்து முண்டு மிளகாயும் புவிசார் குறியீடு பெற்றன. நம் ஊர்க் கருப்பட்டிக்கும் அது வேண்டுமென்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நல்லதே. ஆனால் ஏடு இல்லாத ஊருக்கு முத்திரை கிடைத்தால், அதனால் முதலில் பயன் பெறுகிறவன் கலப்படக்காரனே.

மாணவரின் சுற்றுலாவுக்கு மீண்டும் வருவோம். அந்நாடுகளில் மதுச்சாலைகள் கதவைத் திறந்து வைத்து, வருவோர்க்குக் கொடியையும் தொட்டியையும் காட்டி, ஒரு வாய் சுவைக்கக் கொடுத்து, வாசலிலேயே விற்கின்றன. பார்த்தவன் வாங்குகிறான், வாங்கியவன் ஊர்ப்பெயரை நினைவில் வைக்கிறான். நம் கரை வழியே இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களுக்குக் குறைவில்லை. சங்கும் ஓலைப்பெட்டியும் வாங்கித் திரும்புகிற அவர்கள், பாளை சீவுவதைக் கண்டிருக்க மாட்டார்கள். ஓலைப்பட்டையில் பதநீரை ஊற்றி அதில் நுங்கை நழுவவிட்டுக் கொடுத்தால், எந்த நாட்டு மேசைக்கும் அது தாழ்ந்ததன்று. காய்ச்சும் கொட்டகையைப் பிறர் பார்க்கும்படி திறந்து வைக்கிற சங்கம், மறைவில் சர்க்கரை மூட்டையை அவிழ்க்கவும் இயலாது. இது கூடுதல் இலாபம்.

பெரியவரிடம் இவற்றுள் பாதியைத்தான் சொன்னோம். மகன் குடித்ததைப்பற்றி அவர் மனம் முழுதும் ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அது தகப்பன் மகன் பேசிக்கொள்ள வேண்டிய காரியம். ஆனால் பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தவர், மகன் வைகாசியில் ஊருக்கு வருகிறான் என்றும், பிரெஞ்சுத் தோழர்கள் இருவர் பனங்காட்டைப் பார்க்க ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறான் என்றும் சொன்னார். அவர்களுக்குக் கொட்டகையைக் காட்டலாமா என்று சங்கத் தலைவரைக் கேட்கச் சொன்னோம். கூரை ஒழுகுகிறது, முதலில் ஓலை மாற்ற வேண்டும் என்றார். பதநீர் அளக்கும் படியும் ஒன்று வாங்க வேண்டும் என்று நாம் சொன்னோம். குறித்துக்கொண்டார்.