வைஃபை அட்டை வேலை செய்யவில்லையா? குறை எங்கே என்று தேடுவோம்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவடைந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளைப் பலர் ஓரங்கட்டிவிட்டனர். அவற்றில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் மீண்டும் பள்ளிப் பாடங்களுக்குப் பயன்படும். ஆனால், சில கணினிகளில் நிறுவிய முதல் நாளே வைஃபை காணாமல் போய்விடும். “அட்டை கெட்டுவிட்டது” என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் அட்டை நன்றாகவே இருக்கும்.

ஏன் இந்தச் சிக்கல்?

வைஃபை அட்டை இயங்க இரண்டு மென்பொருள்கள் தேவை. ஒன்று, இயங்குதளத்தின் கட்டளைகளை அட்டைக்குப் புரியவைக்கும் இயக்கி. மற்றொன்று, அட்டைக்குள் இருக்கும் சிறு செயலிக்கான நிலைபொருள். இதை ஃபெர்ம்வேர் என்பார்கள்.

பிராட்காம் நிறுவனத்தின் பழைய அட்டைகளை எடுத்துக்கொள்வோம். அவை எப்படி இயங்குகின்றன என்ற விவரம் வெளியிடப்படவில்லை. எனவே, தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு குழு ஏற்கெனவே இருந்த இயக்கியை ஆராய்ந்து, அது செய்வதை விளக்கமாக எழுதியது. மற்றொரு குழு அந்த விளக்கத்தை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. மூல நிரலை நகலெடுத்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை! இப்படிப் பிறந்த ‘பி43’ இயக்கி, 2008இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.24இல் இடம்பெற்றது. ஆனால், நிலைபொருளின் உரிமை நிறுவனத்திடமே இருந்ததால் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

படிப்படியாகத் தேடுவோம்

1. அட்டை கண்ணில் படுகிறதா? கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, என்என்கே என்று தட்டுங்கள். உள்ளே பொருத்திய அட்டைகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் இரு பகுதி கொண்ட அடையாள எண் உண்டு. முதல் பகுதி தயாரிப்பாளரைக் காட்டும்: பிராட்காமுக்கு 14ஈ4, இன்டெலுக்கு 8086. வைஃபை அட்டை பட்டியலிலேயே இல்லை என்றால் மட்டும் வன்பொருளைச் சந்தேகியுங்கள்.

2. இயக்கி இருக்கிறதா? அதே பட்டியலில், பயன்பாட்டில் உள்ள இயக்கியின் பெயர் அட்டைக்குக் கீழே இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் இயக்கி இணையவில்லை.

3. தடை உள்ளதா? ஆர்எஃப்கில் என்ற கட்டளை இருவகைத் தடைகளைக் காட்டும். மென்தடையை அதே கட்டளையால் நீக்கலாம். வன்தடை என்றால் கணினியின் பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானையோ விசைப்பலகையின் வைஃபை விசையையோ பாருங்கள்.

4. நிலைபொருள் கிடைத்ததா? நிர்வாகி அனுமதியுடன் டிஎம்இஎஸ்ஜி கட்டளையை இயக்கினால் கருவின் குறிப்பேடு தெரியும். அதில் நிலைபொருளை ஏற்ற முடியவில்லை என்றும், பிழை எண் -2 என்றும் இருந்தால், தேவையான கோப்பு கணினியில் இல்லை என்று பொருள்.

இணையம் இல்லாமல் எப்படிப் பதிவிறக்குவது?

கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிருங்கள். பிறகு, உபுண்டுவின் ‘கூடுதல் இயக்கிகள்’ பகுதியைத் திறந்தால் பொருத்தமான இயக்கி இருந்தால் காட்டும். எதுவும் பலிக்காவிட்டால், லினக்ஸ் ஆதரிக்கும் யூஎஸ்பி வைஃபை கருவியை வாங்கலாம். வாங்குமுன் அதற்குள் இருக்கும் சில்லின் பெயரைக் கேட்டறியுங்கள். பெட்டியின் மேலுள்ள பெயர் மட்டும் போதாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததைக் குறித்துவையுங்கள். அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும். அறிவியல் கூடத்தில் நீங்கள் பின்பற்றும் முறையும் இதுதானே!

செய்து பாருங்கள்: லினக்ஸ் உள்ள கணினி கிடைத்தால் முதல் கட்டளையை இயக்குங்கள். எத்தனை கருவிகளின் எண் 8086 என்று தொடங்குகிறது? 1978இல் வெளிவந்த இன்டெல் செயலியின் பெயரும் அதுவே!